எடைக்கு முன்னால் தண்ணீர்

அந்த அம்மா கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் இறக்கைக்கு மேலாகப் போட்டு, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுக்கிற மாதிரி எடுப்பார். எடுத்ததும் இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் அதன் இரண்டு காலையும் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவுவார். எலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தடவல் அது. பிறகுதான் கூடைக்குள் விடுவார். மற்ற ஆட்கள் ஒரு கைக்கு ஐந்து என்று கால்களைக் கொத்தாகப் பிடித்து, கீரைக்கட்டைத் தூக்குவது போலத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். அவர்கள் நாலு நடை நடப்பதற்குள் இந்த அம்மா ஒரு நடை முடித்திருப்பார்.

இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் எத்தனை மெதுவாக வேலை செய்கிறார் என்று கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தொண்ணூறுகளின் நடுவில் மூன்று வருஷம் ஒரு கோழி டிப்போவில் நான் சூப்பர்வைசர். மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகிற வழியில் ஒரு சந்து. அதன் கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ராத்திரியெல்லாம் ஓடி, விடிகிற நேரத்தில் பிராய்லர் கோழி லாரி வரும். எடை போட்டு இறக்கிக் கூண்டில் விடுவோம். மயிலாப்பூர், தேனாம்பேட்டை, அடையாறு என்று கறிக்கடைக்காரர்கள் மொபெட்டில் வந்து எடுத்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கோழி என்றிருந்த வீடுகளில் புதன்கிழமையும் குழம்பு கொதிக்க ஆரம்பித்திருந்த காலம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்கு மேற்கே, பூண்டுகூட வாசற்படி தாண்டாத வீடு எங்களுடையது. பி.காம். முடித்து இரண்டு வருஷம் வேலையில்லாமல் சாப்பிட்ட சாதம் தொண்டையில் நிற்க ஆரம்பித்தபோது இந்த வேலை கிடைத்தது. வீட்டில் தீவனக் கம்பெனி என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. டிப்போவில் இரண்டு மூட்டை தீவனம் எப்போதும் இருக்கும். "மாட்டுக்கு ஆகாரம் போடற எடம்னா புண்ணியம்தான்டா" என்றாள் அம்மா. அந்தப் புண்ணியம் கெடாமல் இருக்க, சாயங்காலம் கிளம்பும்போது டிப்போவின் நிலத்தடித் தொட்டியான சம்ப்பிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, விபூதி இட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அந்த ஒரு வாளித் தண்ணீரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வருஷத்தில் ஒரு கோழியைக்கூட நான் கையால் தொட்டதில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். அசடு.

அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கலாம். கடற்கரைக் குப்பத்துக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. புருஷனுக்குக் கட்டுமரத்தில் அடிபட்டு முதுகு போய்விட்டதால் அவர் கடலுக்குப் போவதில்லை. ஒரே பெண், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்; அவளை நர்ஸ் ஆக்கிவிட வேண்டும் என்பது வீட்டுத் திட்டம். அந்தத் திட்டம் மொத்தமும் இந்த அம்மாவின் வாரச் சம்பளத்தின் மேல்தான் நின்றது. டிப்போவில் எல்லோரும் கூடைக்காரம்மா என்பார்கள். ரிஜிஸ்டரில் மாதாமாதம் அவர் பெயரை நான்தான் எழுதுவேன். இங்கே எழுத எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை. அப்போதெல்லாம் மனசுக்குள் 'அவள்' என்றுதான் நினைப்பேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இருபத்தைந்து வருஷம் தாமதமாக வருகிற மரியாதை யாருக்கு வேண்டும்?

கூடைக்காரம்மா என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. கறிக்கடை ஆட்கள் கோழிகளைக் காலில் சணல் போட்டுக் கட்டி மொபெட்டின் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் தொங்கவிடுவார்கள். வண்டி கிளம்பினால் கோழிகளின் தலை ரோட்டைத் தொடுமா தொடாதா என்று ஆடும். இந்த அம்மா குப்பத்திலிருந்து பழைய மீன் கூடைகளைச் சுமந்துகொண்டு வந்து கேட்டருகே அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார்.

"இன்னா நைனா, தல தரையில தேயுது. கண்ணு தெர்ல உனுக்கு?"

"அட வுடு ஆயா. அரை அவர்ல வெட்டப் போறேன்."

"வெட்டு. வாணான்னு யாரு சொன்னது? இப்ப வெட்டிட்டியா? உசுரோடதான கீது?"

"உசுரோட இருந்தா?"

"உன் ரெண்டு காலையும் கட்டி அந்த ஹேண்டில்பார்ல மாட்டி மந்தவெளிய ஒரு ரவுண்டு அடிக்கட்டா? அப்பால வந்து சொல்லு, எப்டி இருந்துச்சுன்னு."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு, கூடையை வாங்கிக் கேரியரில் கட்டுவான். அவருடைய வாய்க்குப் பயந்தே நாலைந்து கடைக்காரர்கள் நிரந்தரமாகக் கூடைக்கு மாறினார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, இந்த அம்மாவால் கேட்டில் கூட்டம் சேருகிறதே என்று எரிச்சல்படுவேன்.

பிராய்லர் கோழிக்கு உடம்பு வளர்கிற வேகத்தில் கால் வளராது. கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தால் தொடை மூட்டு கழன்றுவிடும். அப்படிக் கழன்ற கோழி கூண்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மற்றவை அதை மிதித்துக்கொண்டு தீனிக்குப் போகும். அதைத் தேடி எடுத்துக்கொண்டு இந்த அம்மா என் மேஜைக்கு வருவார்.

"சார், இதுக்கு கால் பூட்ச்சு. மொத ஆளுக்கு இத குடுத்து அனுப்பு. சாயந்தரம் வரைக்கும் வச்சுக்கினு இருக்காத."

"சரி, வை."

"வைன்னா? எங்க வைக்க? நீ மறந்துடுவ."

மறந்துவிடுவேன்தான். அதனால் அவரே அந்தக் கோழியை இடுக்கிக்கொண்டு, முதல் மொபெட் வரும்வரை கேட்டில் நிற்பார். இதனால் வேலை தாமதமாகிறது என்று முதலாளியிடம் நான் ஒரு முறை சொன்னேன். முதலாளி கெட்டவர் இல்லை; ஆட்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் யோசிக்காமல் கொடுப்பார். அவர் சொன்னார்: "அந்தம்மா எறக்குற லோடுல கால் ஒடிஞ்சதே இருக்காதப்பா. விடு, மெதுவாவே பண்ணட்டும்." அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த அம்மா கறி சாப்பிடாதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, நல்ல புடவையோடு டிப்போவுக்கு வந்து, தானே கோழி பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார். கறி எப்படி வைத்தேன், மிளகு எவ்வளவு போட்டேன் என்று திங்கட்கிழமை கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இவ்வளவு பாவம் பாக்கறியே, அப்புறம் எப்படிம்மா சாப்பிடறே?"

கேள்வியில் எவ்வளவு கர்வம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அவர் கோபிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"துன்றதாலதான் சார் பாத்துக்கணும். நம்ம வவுத்துக்குன்னு வந்துகீது. அது வரைக்கும் அத நோவடிக்கலாமா? நீ துன்றதில்ல. உனுக்கின்னா."

உனக்கென்ன. அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நான் தின்பதில்லை, எனக்கென்ன என்று.

"அப்போ மீன் மட்டும்? வலையில துடிக்கறதே?" விடாமல் கேட்டேன். வாதம் பண்ணுவது எங்கள் வீட்டு வியாதி.

"அதுவும் பாவம்தான். ஆனா மீனு கத்தாது சார். இது கத்துது. கத்துறத காதுல வாங்கிக்கினு சும்மா எப்டி இருக்க?" என்றார். பிறகு அவருக்கே அந்தப் பதில் போதவில்லை போல. மறுநாள் வந்து, "நேத்து நீ கேட்டத வச்சு ராவு பூரா தூக்கம் பூட்ச்சு சார், போ" என்று சண்டைக்கு வந்தார்.

டிப்போவில் ஒரு சட்டம் இருந்தது. லாரியில் வந்த கோழிக்கு எடை போடும் முன் தண்ணீர் காட்டக்கூடாது. டிப்போவுக்கு வந்து சேர்ந்த எடைக்குத்தான் பண்ணைக்காரருக்குப் பணம். கோழி தண்ணீர் குடித்துவிட்டால் அந்தத் தண்ணீருக்கும் கோழி விலை கொடுக்க வேண்டும். எடை போடுகிற வேலையை முதலாளி வேறு யாரிடமும் விட்டதில்லை, என்னிடம்கூட. லாரி விடிகிற நேரத்தில் வந்துவிடும். அவரும் வந்து நிற்பார். ஒரு மணி நேரத்தில் எடை முடிந்து கோழிகள் தண்ணீர்த் தட்டுக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரமும் இந்த அம்மா லாரிக்குப் பக்கத்தில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பார். ராத்திரி முழுக்கக் காற்றில் வந்த கோழி எவ்வளவு தாகத்தோடு இருக்கும் என்பது அவருக்குத்தான் தோன்றும்.

சம்ப்பின் இரும்பு மூடிக்கு ஒரு பூட்டு உண்டு. அந்தச் சாவி என் மேஜை இழுப்பறையில் இருக்கும். ஊரே தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. குப்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் லாரி வரும். வீட்டுக்கு நாலு குடம், சண்டை போட்டால் ஐந்து.

அந்த மே மாதம், அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் லாரி விடியற்காலையில் வரவில்லை. திண்டிவனம் தாண்டி டயர் வெடித்து, மாற்று டயருக்குக் காத்திருந்து, சந்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று. முதலாளி எட்டு மணி வரை பார்த்துவிட்டு, தேனாம்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார். மூன்று மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். லாரி உயரம் என்பதால் கொட்டகைக்குள் நுழையாது. சந்தில் ஒரு மரம் கிடையாது. உச்சி வெயிலில் அப்படியே நின்றது. டிரைவர் எதிர்ச் சுவர் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

இந்த அம்மா முதலில் வந்து கேட்டார். "சார், மொதலாளி வர லேட்டாவுமா?"

"மூணு மணி."

"மூணா! அது வரைக்கும் இதுங்க?"

"எடை போடாம இறக்க முடியாது. உனக்குத் தெரியாததா?"

"எறக்க வாணாம் சார். தண்ணி காட்டலாம்ல? சம்ப்பு சாவி குடு."

"எடைக்கு முன்னாடி தண்ணி கிடையாது."

போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். "வாயப் பொளந்துக்கினு கீதுங்க சார். ரெண்டு மூணு சாஞ்சுட்ச்சு." நான் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி போயிருந்த கல்யாண மண்டபத்தின் போன் நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது. தெரு முனையில் டெலிபோன் பூத். சுப காரியத்தில் இருக்கிறவரைக் கோழிக்காகக் கூப்பிட்டால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தயக்கம். தயக்கம் என்று இன்றைக்கு நாசூக்காக எழுதுகிறேன். பயம்தான்.

மூன்றாவது முறை அவர் பேசவில்லை. ஒரு கோழியைக் கொண்டுவந்து நேராக என் பேப்பரின் மேல் வைத்துவிட்டார். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அது நிற்கவில்லை, வயிற்றின் மேல் உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. தொண்டை மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. சத்தமே வரவில்லை.

"ஐயையோ, எடும்மா மேஜைலேருந்து!"

"நீ தொட வாணாம் சார். பாரு. பாத்தா போதும்."

பார்த்தேன். அதுதான் இன்றுவரைக்கும் தொல்லை. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "சம்ப் தண்ணியை என்னால குடுக்க முடியாது. முதலாளிக்கு நான் பதில் சொல்லணும். உங்க வீட்டுத் தண்ணி இருந்தா ஊத்திக்கோ. நான் வேண்டாங்கலை."

"அப்ப ஊத்தட்டா?"

"ஊத்து, போ."

அந்தக் கோழியை எடுத்துக்கொண்டு போய், என் ஜன்னலுக்குக் கீழே நிழலில் ஒரு கூடைக்குள் வைத்துவிட்டு ஓடினார். அரை மணியில் ஒரு மீன்பாடி வண்டி சந்துக்குள் வந்தது. அவருடைய நாத்தனார் மிதிக்க, இவர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் நாலு பிளாஸ்டிக் குடம். அன்று காலையில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர். இன்னும் இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் குடிக்க, சமைக்க இருந்த தண்ணீர். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு லாரி மேல் ஏறினார். கொட்டாங்குச்சிகளில் தண்ணீர் ஊற்றிக் கூண்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். எழுந்திருக்க முடியாத கோழிகளுக்குத் துணியை நனைத்து அலகில் பிழிந்தார். மிச்சத்தைக் கையால் தெளித்தார். இரும்புக் கம்பி சுட்டு, "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு மறுபடி தெளித்தார். லாரிக்குள்ளிருந்து மெல்லச் சத்தம் வர ஆரம்பித்தது. "கத்துதுங்க சார், கத்துதுங்க!" என்று மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கூவினார். நான் ஜன்னலில் நின்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் எனக்கே என் மேல் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வந்தது.

மூன்றரை மணிக்கு முதலாளி வந்தார். பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். லாரிக்குக் கீழே ஈரத்தைப் பார்த்தார். ஒரு கோழியின் இறக்கையைத் தொட்டுப் பார்த்தார். செத்தவை நிறைய இருந்தன. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"எடைக்கு முன்னாடி தண்ணி ஊத்துனது யாரு?"

"நான் இல்லீங்க. உங்க ஆளுதான்" என்றான் டிரைவர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இங்கதான இருந்த? உன்னக் கேட்டுட்டுத்தான் ஊத்துனாங்களா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும். வேலைகூடப் போயிருக்கும், போனால் என்ன, எங்கள் வீட்டில் அன்றைக்கும் உலை வைத்திருப்பார்கள். அதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது நான் சொன்னது இதுதான்.

"இல்ல முதலாளி. நான் உள்ளே எழுதிண்டிருந்தேன். கவனிக்கலை."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தேவலை. கால் ஒடிந்த கோழியைத் தடவிக்கொண்டே பார்ப்பாரே, அந்தப் பார்வைதான்.

"சாரக் கேக்கல மொதலாளி" என்றார். "எங்கூட்டுத் தண்ணி. நானாதான் ஊத்துனேன்."

"அப்ப வீட்டுலயே இருந்துக்க. நாளையிலேர்ந்து வர வேணாம்."

அவர் கெஞ்சவில்லை. காலிக் குடங்களை எடுத்து வண்டியில் போட்டார். நான் ஜன்னலுக்கு உள்ளே ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலருகே வந்து, குனிந்து கூடைக்குள் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "கூடையில ஒண்ணு கீது. எந்திரிச்சு நிக்குது இப்ப. மறந்துடாத சார்."

சொல்லிவிட்டுப் போனார். போகிற அவசரத்தில் ஒரு பச்சைக் குடத்தை லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டுவிட்டார்.

எடை போட்டு முடிக்க ஆறு மணி ஆயிற்று. முதலாளி கத்திக்கொண்டே இருந்தார். அதன் பிறகு நான் இழுப்பறையைத் திறந்து சாவி எடுத்து, சம்ப்பைத் திறந்து, ஒரு வாளி நிறைய இறைத்துக் குளித்தேன். வாளியில் கடைசியாகக் கொஞ்சம் மிஞ்சியது. வீணாகப் போவானேன் என்று காலில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கூடைக் கோழி மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ கோழைத்தனம் என்று விட்டுவிடலாம். முடியவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு லாரி தாமதமாக வந்தது. தண்ணீர் காட்ட அந்த அம்மா இல்லை. எடை போட்டு முடிப்பதற்குள் ஏராளமான கோழிகள் செத்துப் போயின. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"வந்த உடனே தண்ணி காட்டிட்டா இவ்வளவு சாகாது முதலாளி. குடிச்ச எடைக்குன்னு பண்ணைக்காரர்கிட்ட ஒரு கழிவு பேசிக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அட, இது நமக்குத் தோணலையே! படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதானப்பா" என்றார். மறுநாளே கேட்டருகே ஒரு பெரிய நீல டிரம் வந்தது. லாரி வந்து நின்றதும் முதல் வேலை தண்ணீர் என்று சட்டம் மாறியது. எல்லோரிடமும் "இது நம்ம சூப்பர்வைசர் யோசனை" என்று சொன்னார். சம்பளத்தையும் ஏற்றினார். சமயம் பார்த்து உண்மையைச் சொல்லி அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். இன்று முதலாளிக்கு மூட் சரியில்லை, நாளை வெள்ளிக்கிழமை, நாளன்றைக்குப் பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி ஆடி வந்துவிட்டது.

ஆடியில் ஒரு நாள் அவர் வந்தார். தலையில் மீன் கூடை. மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்க ஆரம்பித்திருந்தார். எந்நேரமும் நடந்து நடந்து ஒரு முழங்கால் வீங்கியிருந்தது. பெண் படிப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. சந்து வழியாகப் போகிறவர், லாரி நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார். கூண்டுகளுக்குள் தண்ணீர்த் தட்டு போயிருந்தது. கோழிகள் குடித்துவிட்டு அண்ணாந்து விழுங்கிக்கொண்டிருந்தன.

"எடை போட்டாச்சா சார்?"

"இல்லை. இப்பல்லாம் முன்னாடியே ஊத்திடறோம்."

அவர் நீல டிரம்மைப் பார்த்தார். அதன் மேல் கவிழ்த்து வைத்திருந்த பச்சைக் குடத்தைப் பார்த்தார். அதில்தான் நாங்கள் சம்ப்பிலிருந்து தண்ணீர் மொண்டு நிரப்பிக்கொண்டிருந்தோம்.

"அது என் கொடம் தான?"

"ஆமாம். எடுத்துண்டு போம்மா."

"இருக்கட்டும். இதுங்களுக்கே இருக்கட்டும்." டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். "மொதலாளியா சொன்னாரு, தண்ணி வெக்கச் சொல்லி?"

முதலாளி பத்தடி தூரத்தில், தராசுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நான் ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா மீன் கூடையை இறக்கிக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கிட்டே வந்து, இரண்டு கையாலும் என் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை அழுத்தி நெட்டி முறித்தார். பத்து விரலும் முறிந்தன.

"நல்லாருப்ப நைனா. புள்ள குட்டியோட நல்லாருப்ப. அன்னிக்கு உன்னப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன். எங்கூட்டுக்காரருகிட்டகூட உன்ன ஏசுனேன். மனசுல வச்சுக்காத."

கூடைக் கோழியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் என்னிடம் ஒரு பொய் இருந்தது. கூடையைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துச் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தடி தூரத்தில் முதலாளி தராசில் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு டிப்போவில் குளிக்கவில்லை. ஏன் என்று தெரியாது, சாவியை எடுக்கக் கை வரவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனேன். அம்மா கூடத்தில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னடா இது, மூஞ்சியெல்லாம் மீன் நாத்தம்?"

"ஒண்ணுமில்லேம்மா" என்றேன். "வழியில யாரோ ஒரு மீன்காரி இடிச்சுட்டா."